மூன்று போலராய்டு தாள்களும் குவாண்டம் பாடமும்

[காட்சி: இருண்ட அறை. மேசைமேல் ஒரு கைவிளக்கு எரிகிறது. அதன் முன் ஒரு கை, சாம்பல் நிறத் தாள் ஒன்றைப் பிடிக்கிறது.]

வணக்கம். குவாண்டம் தொழில்நுட்பத்தை மாணவர்களுக்கும் தொழில்துறையினருக்கும் பொதுமக்களுக்கும் எவ்வாறு கற்றுத்தருவது என்பதே இந்த வீடியோவின் பொருள். அதை வரையறைகளிலிருந்து தொடங்காமல், இந்தச் சாம்பல் நிறத் தாளிலிருந்து தொடங்குகிறேன். இதன் பெயர் போலராய்டு. பழுதடைந்த பழைய கால்குலேட்டரின் திரையைப் பிரித்தாலும் இது கிடைக்கும்.

ஒரு தாளை விளக்கின் முன் பிடித்தால் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இரண்டாவது தாளை அதன் முன் வைத்து மெல்லத் திருப்பினால், ஒளி மங்கிக்கொண்டே வந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும்போது முற்றிலும் இருண்டுவிடுகிறது. இப்போது மூன்றாவது தாளை 45 பாகை சாய்த்து, அந்த இரண்டுக்கும் நடுவே செருகுகிறேன்.

[காட்சி: நெருக்கத்தில் தாள்கள். நடுத் தாள் நுழைந்ததும் அது மறைக்கும் பகுதி மட்டும் வெளிச்சமாகிறது.]

தடுப்புகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் ஒளி திரும்பி வந்திருக்கிறது. வகுப்பில் இதைக் காட்டினால், பிள்ளைகள் விளக்கம் கேட்பதற்கு முன்பே தாளைக் கையில் வாங்கித் தாங்களே திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். குவாண்டம் கல்விக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காட்சியை விளக்குவதற்கு மட்டுமென்றால் குவாண்டம் தேவையில்லை. ஒளியை அலையாகக் கொண்டு, தாள்களுக்கு இடையேயான கோணத்திலிருந்து கடக்கும் ஒளியின் அளவைக் கணக்கிடும், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் மாலஸ் விதியைப் பயன்படுத்தினாலே போதும். குவாண்டம் உள்ளே நுழைவது அடுத்த படியில்தான். விளக்கின் ஒளியை மங்கச் செய்துகொண்டே போய், ஒளியின் மிகச்சிறு அலகாகிய ஃபோட்டான் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தாளை அடையுமாறு அமைத்து, மறுபுறம் நுண்ணிய உணர்கருவி ஒன்றை வைத்தால், அது பாதி ஃபோட்டான் என்று எதையும் ஒருபோதும் பதிவு செய்வதில்லை. ஒவ்வொரு ஃபோட்டானும் முழுமையாகக் கடந்து செல்கிறது, அல்லது முழுமையாக உட்கவரப்படுகிறது. தாளின் அச்சுக்கு, அதாவது அது ஒளியை விடும் திசைக்கு, 45 பாகை சாய்வில் வரும் ஃபோட்டான் கடக்குமா நிற்குமா என்று கேட்டால், கோட்பாடு தரும் விடை இரண்டில் ஒன்று என்ற நிகழ்தகவு மட்டுமே. அப்படிக் கடந்து வந்த ஃபோட்டானும் பழைய நிலையில் இருப்பதில்லை. தாளின் அச்சு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு அதன் தளவிளைவு, அதாவது ஒளி அதிரும் திசை, மாறியிருக்கிறது. ஆகவே போலராய்டு தாளைச் சல்லடை என்று எண்ணுவது தவறு. சல்லடை, மணியின் வடிவத்தை மாற்றுவதில்லை. இங்கே அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளின் நிலையை மாற்றிவிடுகிறது.

[காட்சி: கரும்பலகை. ஒரு கிடைக்கோடு, ஒரு செங்குத்துக்கோடு, இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்ந்த அம்புக்குறி.]

சாய்ந்த அம்பைக் கிடைக்கூறு, செங்குத்துக்கூறு என்று பிரித்து எழுதுவது மேல்நிலை வகுப்பு மாணவருக்குப் பழகிய வேலை. ஒரு பொருள் இரண்டு நிலைகளின் கூட்டாக இருப்பதைக் குறிக்க, மேற்பொருந்துதல் என்று நாம் அச்சத்தோடு உச்சரிக்கும் சொல்லின் கணிதம் இந்த அம்புக்குறியில்தான் தொடங்குகிறது. குவாண்டம் கணினியின் தகவல் அலகாகிய க்யூபிட் என்பதும் இதுவே: இரண்டு அடிப்படை நிலைகளும், அவற்றின் கூட்டாக எழுதத்தக்க எண்ணற்ற நிலைகளும் கொண்ட ஒரு பொருள். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலைத் திறந்தால், முதல் பாடம் அணிகளைப் பற்றியது, இரண்டாவது பாடம் கலப்பு எண்களைப் பற்றியது. குவாண்டம் கணினியின் ஒவ்வொரு வாயிலும், அதாவது ஒவ்வொரு அடிப்படைச் செயலும், கலப்பு எண்களாலான ஓர் அணி. நம் பிள்ளைகளின் கையில் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அது எதற்குப் பயன்படும் என்பதைத்தான் நாம் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

வழக்கமான பாடமுறை 1900-ஆம் ஆண்டின் கரும்பொருள் கதிர்வீச்சில் தொடங்கி, வரலாற்று வரிசையில் பல மாதங்கள் நடந்து, குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை அடைகிறது. இயற்பியலைத் தொழிலாகக் கொள்ளப்போகிறவருக்கு அந்தப் பாதை அவசியம். கணினி அறிவியல் அல்லது மின்னணுவியல் படிக்கும் மாணவருக்கோ, இரண்டு நிலைகள் மட்டுமே கொண்ட அமைப்பிலிருந்து தொடங்கும் பாதை குறுகியது, தெளிவானது. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் ஐந்து க்யூபிட் கொண்ட தன் கணினியை இணையத்தின் வழியே எவரும் இயக்கிப் பார்க்கலாம் என்று திறந்துவிட்ட பிறகு, இந்தக் குறுகிய பாதையில் நடக்கும் மாணவர் உண்மையான கருவியிலேயே பயிற்சி பெறும் வாய்ப்பும் வந்துவிட்டது. இந்தியாவில் 2024 டிசம்பரில், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இணைந்து, இளநிலை மாணவர்கள் குவாண்டம் தொழில்நுட்பத்தைத் துணைப் பாடமாகப் படிப்பதற்கான பாடத்திட்டத்தை வெளியிட்டன.

[காட்சி: இரண்டு மாணவர்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். இடையில் சீட்டுகளும் நாணயங்களும்.]

தாள்களைக் கொண்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம். 1984-இல் சார்லஸ் பென்னட்டும் ஜீல் பிராசார்டும் முன்வைத்த பிபி84 என்ற மறைகுறி முறையை, ஆய்வகம் இல்லாத வகுப்பறையிலும் விளையாட்டாக நடத்திக் காட்டலாம். அனுப்புகிற மாணவி, ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, நேர்ச் சட்டமா (கிடை, செங்குத்துத் திசைகள்) சாய்வுச் சட்டமா (45 பாகை சாய்ந்த திசைகள்) என்று முடிவு செய்து, அந்தச் சட்டத்தில் 0 அல்லது 1 என்ற எண்ணைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கிறாள். பெறுகிற மாணவனும் தன் நாணயத்தைச் சுண்டித் தன் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறான். சட்டங்கள் ஒத்துப்போனால் சீட்டில் உள்ள எண் அப்படியே அவனுக்குக் கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டால், மீண்டும் ஒருமுறை நாணயத்தைச் சுண்டி வருவதை எழுதிக்கொள்ள வேண்டும், ஏனெனில் 45 பாகையில் வந்த ஃபோட்டானுக்கு அதுதான் நிகழ்கிறது. 100 சீட்டுகளுக்குப் பிறகு, எண்களை வெளியிடாமல் சட்டங்களை மட்டும் இருவரும் உரக்கச் சொல்லி, ஒத்துப்போன ஏறத்தாழ 50 சீட்டுகளை வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்களே அவர்களின் இரகசியத் திறவுகோல்.

இப்போது நடுவே மூன்றாவது மாணவர் ஒருவர் உட்காருகிறார். அவர் ஒவ்வொரு சீட்டையும் தாம் தேர்ந்த சட்டத்தில் படித்து, தமக்குக் கிடைத்த விடையைப் புதிதாக எழுதி அனுப்புகிறார். பாதி நேரம் அவர் தவறான சட்டத்தைத் தேர்ந்திருப்பார். அந்தப் பாதியிலும் பாதி இடங்களில் எண் மாறிப்போகும். எனவே, ஒத்துப்போக வேண்டிய 50 சீட்டுகளில் ஏறத்தாழ 12 சீட்டுகள் ஒத்துப்போகாமல், முதல் இருவரும் சில எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததும் அவர் இருந்தது வெளிப்பட்டுவிடும். நடுத் தாள் ஒளியைத் திரும்ப வரவழைத்ததும், ஒட்டுக் கேட்பவர் பிடிபடுவதும் ஒரே காரணத்தால்தான் என்பதைப் பிள்ளைகள் இந்த இடத்தில் தாங்களே சொல்லிவிடுவார்கள். மேசைமேல் நடந்த இந்த விளையாட்டை நாட்டின் அளவுக்கு விரித்தால், 2023 ஏப்ரலில் இந்திய அரசு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்குகளில் ஒன்று கிடைக்கும்: 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குக் குவாண்டம் முறையில் பாதுகாக்கப்பட்ட தகவல்தொடர்பு. அந்த இயக்கத்தின் நான்கு மையங்களில், குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்திருக்கிறது.

[காட்சி: ஒரு நிறுவனத்தின் சர்வர் அறை. அடுத்து, பொன்னிற அடுக்குகளாகத் தொங்கும் குளிர்விப்பான்.]

தொழில்துறையினருக்குச் சொல்ல வேண்டியது வேறு. அவர்களுள் பலர், குவாண்டம் கணினி முழுமையாக வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். 1994-இல் பீட்டர் ஷோர் கண்டறிந்த வழிமுறை, போதிய அளவும் நம்பகத்தன்மையும் கொண்ட குவாண்டம் கணினி கிடைத்தால், தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்ப இன்று பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தை உடைத்துவிடும். அப்படிப்பட்ட கணினி இன்று எங்கும் இல்லை. ஆனால் இன்று மறையாக்கம் செய்து அனுப்பப்படும் தரவை ஒருவர் சேமித்து வைத்துக்கொண்டு, கருவி வந்தபின் திறந்து பார்க்க முடியும். இருபது ஆண்டுகளுக்கு இரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவப் பதிவையோ வடிவமைப்பு ஆவணத்தையோ வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, ஆபத்து இன்றே தொடங்கிவிட்டது. இதற்கான மாற்று, விலையுயர்ந்த குவாண்டம் கருவி அன்று; சாதாரணக் கணினியிலேயே இயங்கும் புதிய கணித முறைகள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்ட் மாதத்தில் அத்தகைய மூன்று தரநிலைகளை வெளியிட்டது. ஆகவே நிறுவனங்களுக்கான முதல் பாடம், தங்கள் மென்பொருளில் எந்தெந்த இடங்களில் எந்த மறையாக்கம் இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது.

தொழில்துறைக்கு இன்னொரு பாடமும் உண்டு. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) வகைக் குவாண்டம் கணினியின் சில்லு, இயன்ற அளவில் மிகக் குறைந்த வெப்பநிலையாகிய தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு அளவிலான குளிரில் இயங்குகிறது. அந்தக் குளிரை உண்டாக்கும் கருவிக்குள் ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளின் கலவை சுழல்கிறது. எங்கோ ஓர் இணைப்பில் மயிரிழைக் கசிவு இருந்தாலும் வேலை நின்றுவிடும். அந்தக் கசிவைக் கண்டுபிடிக்கவும், வெற்றிடப் பம்புகளைப் பராமரிக்கவும், மைக்ரோவேவ் கம்பிகளைப் பற்றவைக்கவும், லேசர் கதிரைக் கண்ணாடிகளின் வழியே நேர்ப்படுத்தவும் தேர்ந்த கைகள் வேண்டும். இவை ஐடிஐ, பாலிடெக்னிக் படித்தவர்கள் முறையான பயிற்சியால் அடையக்கூடிய திறன்கள். குவாண்டம் கல்வி என்றாலே முனைவர் பட்டம் என்று நினைக்கும் வரையில் அவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்திருப்போம்.

[காட்சி: ஒரு வீட்டின் கூடம். பாட்டி ஒருவர் கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்.]

பொதுமக்களுக்குச் சமன்பாடு தேவையில்லை. எது உண்மை, எது பொய் என்று பிரித்தறியும் பிடிமானம் தேவை. அந்தப் பாட்டியின் கையில் இருப்பது குவாண்டம் இயற்பியலின் விளைபொருள்தான். அவருக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. உலகம் பின்பற்றும் ஒரு விநாடி என்பதே, சீசியம் அணுவின் இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு இடையேயான மாற்றத்துக்குரிய கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகள் என்று 1967-இல் வரையறுக்கப்பட்டது. எம்ஆர்ஐ ஸ்கேனும் எல்இடி விளக்கும் லேசரும் இதே மரத்தின் கிளைகள். இதைத் தெரிந்துகொண்டவர், குவாண்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மாயமாக எண்ணி மிரள மாட்டார். நோயைப் போக்கும் குவாண்டம் பதக்கம், ஆற்றலைச் சீராக்கும் குவாண்டம் வளையல் என்று ஒருவர் விற்க வந்தால், இதில் எதை அளந்தீர்கள், எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று அவரால் கேட்க முடியும். இந்தப் பதக்கங்கள் பணத்தை மட்டும் கெடுப்பவை அல்ல. 5ஜி அலைகளிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட கழுத்தணி உள்ளிட்ட பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதை நெதர்லாந்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் கண்டறிந்து, அவற்றை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது.

அறிவியலைப் பரப்புவோராகிய நாமும் இதில் கவனமாக இருக்க வேண்டும். குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதைத் தந்துவிடும் என்று நாம் எளிமைக்காகச் சொல்லும் வாக்கியம் தவறானது. அளக்கும்போது ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறும், சரியான விடையின் அலை வலுப்பெறுமாறும் அமைப்பதில்தான் அந்தக் கலை இருக்கிறது. அதனால்தான் குவாண்டம் கணினி சில கணக்குகளில் மட்டும் பெரும் வேகம் தருகிறது; மற்ற பலவற்றில் உங்கள் மேசைக் கணினியே போதும். எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக அமையும், பின்னிப்பிணைந்த இரண்டு துகள்களைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பவும் இயலாது.

[காட்சி: மீண்டும் இருண்ட அறை. கைவிளக்கு. செங்குத்தாக அமைந்த இரண்டு தாள்கள்.]

தாள்களை எடுத்து வைப்பதற்கு முன், வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு. முதல் தாளைக் கடந்த ஒளியை 1 என்று கொள்வோம். நடுவே 45 பாகையில் ஒரு தாளைச் செருகினால், குறையில்லாத தாளாக இருக்கும் நிலையில், அதில் நான்கில் ஒரு பங்கு மறுபுறம் வரும். அந்த ஒரு தாளுக்குப் பதிலாக, 30 பாகையில் ஒன்றும் 60 பாகையில் ஒன்றுமாக இரண்டு தாள்களைச் செருகுங்கள். தடுப்பு இன்னும் ஒன்று கூடுகிறது. வெளிவரும் ஒளியோ 64-இல் 27 பங்காக, முன்பைவிட மிகுதியாகிறது. ஒவ்வொரு தாளிலும் ஃபோட்டான் கடக்கும் நிகழ்தகவு நான்கில் மூன்று. அது ஏன் என்பதையும், தாள்களைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும், முதலில் தாளிலும் பிறகு விளக்கின் முன்னும் கண்டுபிடியுங்கள்.

[காட்சி: நான்காவது தாள் நுழைகிறது. வெளிச்சம் கூடுகிறது. திரை மங்குகிறது.]