நான்காவது போஸ்ட்டைத் தேடிய 28 நிமிடங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில் பனி கரைந்ததில் இருந்து ஒக்டோபர் கடைசி வரை, புதன்கிழமை மாலைகளில் ஒஸ்லோவுக்கு வடக்கே நூர்ட்மார்க்கா காட்டுக்குள் வரைபடமும் திசைகாட்டியுமாக ஓடித் திரிந்ததைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். இந்த விளையாட்டுக்கு ஓரியன்டியரிங் என்று பெயர், அதன் முதல் பொதுப் போட்டி 1897 ஒக்டோபர் 31 அன்று நடந்தது இந்த ஒஸ்லோவுக்குப் பக்கத்தில்தான். இங்கே வந்து இத்தனை வருடமாகியும் எங்களில் பலர் அந்தக் காட்டை ரயில் ஜன்னல் வழியே மட்டும்தான் பார்த்திருக்கிறோம், அது எனக்கு வருத்தம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வரைபடத்தில் முக்கோணம் தொடக்கம், வட்டங்கள் நீங்கள் வரிசையாகத் தேடிப் போகவேண்டிய போஸ்ட்டுகள், இரட்டை வட்டம் முடிவு. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் காட்டில் ஒரு வெள்ளை-செம்மஞ்சள் துணி தொங்கும். எந்த வழியால் போவது என்பது உங்கள் முடிவு. வரைபடத்தில் வெள்ளை நிறம் என்றால் வெட்டவெளி என்று நினைத்துவிடாதீர்கள், வெள்ளைதான் நன்றாக ஓடக்கூடிய காடு, வெளி மஞ்சள், பச்சை கடுமையாகக் கடுமையாக உள்ளே நுழைவது கஷ்டம்.

சரி, செப்டம்பரில் ஒரு மாலை. நான்காவது போஸ்ட் ஒரு சின்னச் சதுப்பு நிலத்தின் கிழக்கு ஓரத்தில். இரண்டு மேட்டுக்கு நடுவில் ஒரு சதுப்பு நிலம் கண்ணில் பட்டதும் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அங்கே ஒரு பாறைச் சரிவு இருந்தது, வரைபடத்தில் அது இல்லை, வரைந்தவர் விட்டிருப்பார் என்று எனக்கு நானே சொன்னேன். வரைபடத்தின் வடக்குக் கோட்டோடு ஊசி ஒத்துப்போகவில்லை, அதையும் பெரிதாக எடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிற காட்டை வரைபடத்துக்குள் திணிக்கிற இந்தப் பழக்கம்தான், ஓட்டத்தில் வேகமில்லாததை விட, இந்தப் பருவம் முழுக்க என் நேரத்தைத் தின்றது. அன்றைக்கு 28 நிமிடம் போனது.

கடைசியில் நின்றேன். உண்மையிலேயே நின்றேன், கால் நடுங்க, மூச்சு அடங்கும் வரை. தெற்கே போனால் மின்கம்பிப் பாதை வந்தே தீரும், அது தவறவிட முடியாத அடையாளம். அதுவரை போய், அது வளைகிற இடத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதை உறுதிப்படுத்தி, அங்கிருந்து திசை பிடித்து 200 மீட்டரை, இரண்டு அடியை ஒன்றாக எண்ணி, நடந்தேன். போஸ்ட் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நான் போன வழியைச் சிவப்புப் பேனாவால் வரைபடத்தில் கோடு போட்டு, எங்கே எத்தனை நிமிடம் இழந்தேன், அப்போது என்ன நினைத்தேன் என்று ஓரத்தில் எழுதுகிறேன். ஒக்டோபருக்குள் 5 நிமிடத்துக்கு மேல் தொலைவது அரிதாகிவிட்டது, இதில் எனக்குப் பெருமை இருக்கிறது.

அடுத்த வருடம் என்ன? குளிர்காலத்தில் சமவுயரக் கோடுகள் மட்டும் உள்ள வரைபடங்களைப் பார்த்து மேடு பள்ளத்தை மனதில் எழுப்பிப் பழகப் போகிறேன், இது என் பெரிய பலவீனம். இலையுதிர் காலத்தில் தலைவிளக்கோடு இருட்டில் ஓட வேண்டும். அப்புறம், ஜூனில் பின்லாந்தில் நடக்கிற வெண்லா அஞ்சலோட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள், ஓர் அணிக்கு நான்கு பேர். அடுத்த ஜூனுக்கு முடியாது, அதற்கடுத்த ஜூனில் எங்கள் தமிழ்ப் பெண்கள் நான்கு பேரைக் கொண்டு ஒரு அணி இறக்க ஆசை. நான் ஒருத்தி இருக்கிறேன், மூன்று பேர் வேண்டும்.

காட்டுக்குள் நடக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, நோர்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டமே அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஏப்ரலில் வாருங்கள். முதல் நாள் நான் கூடவே வருவேன், வரைபடம் உங்கள் கையில்தான் இருக்கும். சப்பாத்து நனையும், மாற்றுக் காலுறை கொண்டு வாருங்கள்.