‘ஹேவ்’ என்ற வினையும் நம் ‘இரு’வும்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்ற வினைக்கு ‘வைத்திரு, பெற்றிரு’ என்று பொருள் எழுதிப் படித்திருப்பீர்கள். ‘நான் இரண்டு தம்பிகளை வைத்திருக்கிறேன்’ என்று நம்மில் யாராவது பேசுவோமா? ‘எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க’ என்போம்.

என் வகுப்பில் ஒரு மாணவி இதை ‘டு மீ டூ பிரதர்ஸ் ஆர்’ என்று எழுதினாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கோ அவ்வளவு மகிழ்ச்சி! ‘எனக்கு’ என்பது ‘டு மீ’, ‘இருக்காங்க’ என்பது ‘ஆர்’. தமிழ் இலக்கணத்தை ஒரு சொல் பிசகாமல் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ‘கண்ணு, நம்ம வாக்கியத்தில் தம்பிதான் எழுவாய், ஆங்கிலத்தில் நீ எழுவாய், அவ்வளவுதான் வித்தியாசம்’ என்றேன். பளிச்சென்று பிடித்துக்கொண்டாள்.

இப்போது மூன்று வாக்கியங்கள். என்னோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’: தம்பிகள் இருக்காங்க. ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம்’: அவரைப் பார்த்திருக்கேன். ‘ஐ ஹேவ் டு கோ’: போக வேண்டியிருக்கு. இருக்காங்க, பார்த்திருக்கேன், வேண்டியிருக்கு! உடைமை, முடிந்த செயல், கட்டாயம் என்ற மூன்றுக்கும் அங்கே ஒரே ‘ஹேவ்’, இங்கே ஒரே ‘இரு’. பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன், இன்னும் அலுக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘எழுதி முடித்த கடிதம் என் வசம் உள்ளது’ என்ற பொருளில் வழங்கிய அமைப்புதான், மெல்ல மெல்ல ‘கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்று ஆனது. உடைமை வினை அப்படித்தான் துணைவினையாயிற்று. ஆகவே பிள்ளைகளுக்கு ‘ஹேவ்’ சொல்லித்தரும்போது ‘இரு’விலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்று பலர் பேசுகிறோம். நம் ‘-கிறேன்’ வழக்கமாகச் செய்வதையும் இப்போது செய்துகொண்டிருப்பதையும் சேர்த்தே குறிப்பதால் வரும் பழக்கம் இது. உடைமைக்கு ‘ஐ ஹேவ் எ கார்’ போதும். சாப்பாட்டுக்கு ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரியே. அது செயல் அல்லவா!

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பிறரைக்கொண்டு செய்விப்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில். சலூனில் வெட்டிக்கொண்டு வந்தால், ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’. வணக்கம்.