தாத்தாவிடமிருந்து பேரனுக்கு

வணக்கம் நேயர்களே. காயம் பட்டால் ரத்தம் எளிதில் உறையாத நோய் ஹீமோபிலியா. இந்த நோய் உள்ளவருக்கு மகன் பிறந்தால், "அப்பாவுக்கு இருக்கிறதே, பையனுக்கும் வந்துவிடுமா?" என்றுதான் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். அப்பாவிடமிருந்து பையனுக்கு அது வராது. யோசிக்க வேண்டியது மகளைப் பற்றி. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். அதில் ஒரு ஜோடி பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். ரத்தம் உறைவதற்கான எட்டாம் காரணி, ஒன்பதாம் காரணி என்ற புரதங்கள் இரண்டின் மரபணுக்களும் எக்ஸில்தான் இருக்கின்றன. இவற்றில் ஒன்று பழுதாவதால்தான் ஹீமோபிலியா வருகிறது. ஒய்யில் இவற்றுக்கு ஈடு கிடையாது. பெண்ணுக்கு ஒரு எக்ஸ் பழுதானாலும் பெரும்பாலும் மற்றொன்று சமாளித்துவிடும்; ஆணுக்கு அந்த வழி இல்லை.

மகனுக்கு அப்பா தருவது ஒய். மகளுக்குத் தருவது தன்னிடம் உள்ள ஒரே எக்ஸ். ஆகவே, நோய் உள்ளவரின் மகள்கள் எல்லோருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள். அப்புறம் அந்த மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பிவிடுவான் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

விக்டோரியா அரசியின் குடும்பம் இதற்குப் பெயர்போன உதாரணம். அவருடைய மகன் லியோபோல்டுக்கு இந்த நோய் இருந்தது. மகள் ஆலிஸ், ஆலிஸின் மகள் அலெக்சாண்ட்ரா வழியாக அது ரஷ்ய இளவரசர் அலெக்ஸி வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் விக்டோரியாவுக்கு முந்தைய தலைமுறைகளில் நோய் இருந்ததாகத் தெரியவில்லை. மரபணுவில் புதிதாக மாற்றம் ஏற்பட்டும் இது தொடங்கலாம். கடுமையான ஹீமோபிலியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் வருகிறது. "உன்னால்தான் பிள்ளைக்கு வந்தது" என்று தாயைக் குத்திக்காட்டுவது கொடுமை. எந்த எக்ஸைக் கொடுப்பது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு உறைதல் காரணியின் அளவே குறைவாக இருக்கும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத கசிவு என்று அவதிப்படுவார்கள். பிரசவத்திலும் ஆபத்து உண்டு. அதனால் உங்கள் குடும்பத்தில் ஹீமோபிலியா இருந்தால், பெண்களின் காரணி அளவைக் கர்ப்பத்துக்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் எட்டாம் காரணி தானாகவே உயரும் என்பதால், அப்போது பார்த்தால் குறைபாடு தெரியாமல் போகலாம்.