பெயரை அழித்த பின்னும் ஆள் தெரிகிறார்

(மருத்துவப் பதிவுகளைக் கொண்டு ஆய்வு செய்யும் முதுநிலை மாணவர்களுக்கும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

2020இல் கொரோனா பரவிய மாதங்களில் தமிழகச் சுகாதாரத் துறை நாள்தோறும் ஒரு செய்திக் குறிப்பு வெளியிட்டது. உங்களில் பலர் மாலையில் அதற்காகக் காத்திருந்திருப்பீர்கள். இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும் அதில் ஒரு சிறு பத்தி இருக்கும். வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்தத் தேதியில் மருத்துவமனையில் சேர்ந்தார், ஏற்கெனவே என்னென்ன நோய்கள் இருந்தன, என்றைக்கு, எதனால் இறந்தார் என்று எல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. மக்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்தது அது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று புரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்கும் உதவியது.

இப்போது நம் ஊர்த் தெருமுனையை நினைத்துப் பாருங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அதில் படம் இருக்கும், தோற்றம் மறைவு தேதிகள் இருக்கும், மகன் மருமகன் பேரன் பெயர்கள் வரிசையாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? வயதும் மறைந்த நாளும் மாவட்டமும் பொருந்திவிட்டால், அந்தப் பெரியவருக்கு என்னென்ன நோய் இருந்தது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும். செய்திக் குறிப்பை எழுதியவருக்குச் சுவரொட்டி தெரியாது. சுவரொட்டி அடித்தவருக்குச் செய்திக் குறிப்பு தெரியாது. இரண்டையும் படிக்கிற மூன்றாவது ஆளுக்குத்தான் எல்லாம் தெரிகிறது. இன்று நான் பேச வந்தது அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான்.

இதை உலகுக்கு முதலில் உறைக்கும்படி காட்டியவர் லதான்யா ஸ்வீனி. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டை நடத்திய ஆணையம் அவர்களுடைய மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வுக்குக் கொடுத்தது. பெயர், முகவரி நீக்கப்பட்டிருந்தன. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு அப்படியே இருந்தன. அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஸ்வீனி, அந்த மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டு அந்த நகரவாசி. அவர் பிறந்த அதே நாளில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர், அவர்களில் ஆண்கள் மூவர், அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது. அந்த மூன்று விவரங்களை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று பின்னர் அவர் கணக்கிட்டார். 2006இல் வேறொருவர் போட்ட கணக்கு 63 சதவீதம் என்றது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல்.

நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் அந்த நாட்டின் ஹிப்பா விதிகள் இன்று 18 வகை அடையாளங்களை நீக்கச் சொல்கின்றன. தேதிகளில் ஆண்டு மட்டும் இருக்கலாம். 89 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரையும் ‘90 அல்லது அதற்கு மேல்’ என்று ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அந்த வயது விதி எனக்குப் பிடிக்கும். ஓர் ஊரில் 97 வயதுக்காரர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

விதிகளைப் படித்த, கவனமான ஒரு துறையே தவறக்கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியாதான் சான்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாளை நாமும் இதே இடத்தில் நிற்போம். 2016 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை, மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினரின், அதாவது சுமார் 29 லட்சம் பேரின், மருத்துவக் கட்டணப் பதிவுகளையும் மருந்துப் பதிவுகளையும் இணையத்தில் வெளியிட்டது. சில பதிவுகள் 1984 வரை பின்னோக்கிச் சென்றன. ஆய்வுக்கு அது தங்கச் சுரங்கம். துறை அலட்சியமாகவும் இல்லை. பிறந்த தேதிக்குப் பதிலாக ஆண்டு, ஊருக்குப் பதிலாக மாநிலம், சிகிச்சைத் தேதிகள் எல்லாம் இரண்டு வாரம் வரை முன்னே பின்னே நகர்த்தப்பட்டவை, நோயாளி, மருத்துவர் எண்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை, அதாவது ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டவை.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் கல்நேன், பெஞ்சமின் ரூபின்ஸ்டீன், வனெசா டீக் மூவரும் அதை எடுத்து ஆராய்ந்தார்கள். செப்டம்பருக்குள்ளாகவே மருத்துவர்களின் எண்களை மறைத்திருந்த குறியாக்கத்தை உடைத்துத் துறைக்குத் தெரிவித்தார்கள். துறை தரவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. 2017 டிசம்பரில் நோயாளிகளையும் அடையாளம் காண முடியும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதற்குக் கணினி வித்தை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணின் பிறந்த ஆண்டும், அவருடைய பிள்ளைகள் பிறந்த தேதிகளும் தெரிந்தால் போதும். ஒருவருடைய எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நகர்த்தியிருந்ததால், முதல் பிரசவத்துக்கும் இரண்டாம் பிரசவத்துக்கும் இடையிலான நாள் கணக்கு மாறவே இல்லை. அந்த இடைவெளி பலருக்குக் கைரேகை போலத் தனித்து நின்றது. பிரசவம் தெரிந்தால், அதே வரிசையில் அவர் எப்போது மனநல மருத்துவரைப் பார்த்தார், என்ன மாத்திரை வாங்கினார் என்பதும் தெரியும். 2018இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர், துறை அந்தரங்கச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். மூவரும் ஓட்டையைக் காட்டிய அதே 2016 செப்டம்பரில் ஆஸ்திரேலிய அரசு கொண்டுவருவதாக அறிவித்தது, அடையாளம் நீக்கிய தரவில் ஆளைக் கண்டுபிடிப்பதைக் குற்றமாக்கும் மசோதாவை. அது சட்டமாகவில்லை, நல்லதுதான். பூட்டு சரியில்லை என்று வீட்டுக்காரரிடமே வந்து சொல்கிறவரைத் தண்டித்தால், அடுத்த முறை யாரும் சொல்ல வரமாட்டார்கள். இங்கே நெறிமுறைக் குழுவில் இருக்கும் மூத்தவர்களிடம் என் வேண்டுகோள் இது: வெளியிடும் முன்பே உங்கள் தரவை உடைத்துப் பார்க்க நீங்களே ஒருவரை அமர்த்துங்கள், அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தரவே கொடுக்க வேண்டாம் என்று சிலர் முடிவு செய்வார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மாவட்டத்துப் பெண்களுக்கு இதய அறுவைச் சிகிச்சை எட்டாமல் போகிறது, டயாலிசிஸ் தொடங்கியவர்கள் ஏன் நடுவில் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் பதிவுகளைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் விட்டாலும் உயிர் போகிறது. அதற்காக மக்களிடம் சொல்லாமலும் எடுக்கக் கூடாது. இங்கிலாந்தில் கேர்.டேட்டா என்ற திட்டம் எல்லாக் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளையும் ஒன்றுசேர்க்க முயன்றது. யாரிடம் போகும், எதற்குப் போகும் என்று மக்களுக்கு ஒழுங்காக விளக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பி 2014இல் நிறுத்தினார்கள், 2016இல் மூடினார்கள். உருப்படியான ஆய்வுகளும் அதோடு காத்துக் கிடந்தன.

அதே நாட்டில் 2020இல் வந்த ஓபன்சேஃப்லி வேறு வழியைக் காட்டியது. அங்கே தரவு ஆய்வாளரிடம் போவதில்லை. ஆய்வாளர் போலித் தரவை வைத்துக் கணினி நிரல் எழுதுகிறார். அந்த நிரல்தான் தரவு இருக்கும் இடத்துக்குப் போகிறது. வெளியே வருவது சரிபார்க்கப்பட்ட அட்டவணைகள் மட்டுமே. யார் எந்த நிரலை ஓட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகிறது. இதை நம் ஊரில் ஒரே நாளில் கட்ட முடியாது. ஆனால் கல்லூரியில் ஓர் அறை, இணைய இணைப்பில்லாத ஒரு கணினி, யார் வந்தார் போனார் என்று ஒரு பதிவேடு, இவற்றை அடுத்த வாரமே தொடங்கலாம்.

ஏனென்றால் எனக்குப் பெரிய கவலை கெட்டிக்காரக் கணிதவியலாளர்களைப் பற்றியது இல்லை. எக்செல் கோப்பைப் பற்றியது. பெயரும் கைபேசி எண்ணும் உள்ள கோப்பு வாட்ஸ்அப்பில் போகிறது, பென் டிரைவில் போகிறது, பட்டம் வாங்கி ஐந்தாண்டு கழித்தும் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் கிடக்கிறது. பெயரும் ஆய்வு எண்ணும் சேர்ந்த பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். பகுப்பாய்வு செய்பவர் கையில் அது இருக்கவே கூடாது. கேள்விக்கு வயது போதுமென்றால் பிறந்த தேதியை எழுதவே எழுதாதீர்கள். சேகரிக்காத விவரம் கசியாது.

அட்டவணை போடும்போதும் கவனம் வேண்டும். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் தரவைப் பயன்படுத்துவோர் 1 முதல் 10 வரையான எண்ணிக்கையைக் கட்டத்தில் காட்டக் கூடாது. ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துக் கூட்டுத்தொகையை விட்டுவிட்டால் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். நம் ஆய்வேடுகளில் ‘இந்த ஊராட்சி, பெண், 22 வயது, வலிப்பு நோய், எண்ணிக்கை 1’ என்று வந்தால் அது புள்ளிவிவரம் இல்லை. வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் வாசலில் போய் அறிவித்ததற்குச் சமம்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாதவரை, வகுக்கப்பட்ட தரநெறிகளின்படி நடக்கும் ஆய்வுக்கும் புள்ளிவிவரப் பணிக்கும் விலக்குத் தருகிறது. விலக்கு கிடைத்த இடத்தில் சுமை நம் தோளுக்கு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளை நீங்கள் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். அந்தரங்கம் பற்றிய பகுதியை ஆய்வுத் திட்டம் எழுதும் முன் ஒருமுறை மறுபடி படியுங்கள்.

கடைசியாக ஒப்புதல் படிவம். ‘உங்கள் விவரங்கள் முழு ரகசியமாகப் பாதுகாக்கப்படும்’ என்று எழுதுகிறோம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்பதை இவ்வளவு நேரம் பார்த்தோம். அதற்குப் பதிலாக, ‘உங்கள் பெயரைத் தனியே எடுத்து வைப்போம். இந்த இந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். இத்தனை ஆண்டு வைத்திருந்து அழிப்போம். வேண்டாம் என்று தோன்றினால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள், நீக்கிவிடுகிறோம். இவ்வளவும் செய்த பிறகும் உங்களை யாரேனும் அடையாளம் காணச் சிறு வாய்ப்பு இருக்கிறது. அப்படி நடந்தால் உங்களுக்குத் தெரிவிப்போம்’ என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர் கேள்வி கேட்கும் வரை காத்திருங்கள், பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.