எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா? மேக்னம் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பேசுவோம்

வணக்கம் மக்களே, பெங்களூர் அல்சூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம், பக்கத்து வீட்டில் மார்பிள் அறுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட விடமாட்டேன் என்கிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேனலில் எப்போதும் ஏர் ரைஃபிள், பாயிண்ட் டூ டூ சின்னத் துப்பாக்கி, ரேஞ்ச் (சுட்டுப் பழகும் மைதானம்) என்றுதான் பேசுவோம். ஆனால் இங்கே ஒயிட்ஃபீல்டிலிருந்து கிளம்பி டென்வர், டல்லாஸ் என்று செட்டிலான நம் ஆட்கள் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணா, எல்க் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், என்ன தோட்டா வாங்கட்டும்? 300 வின்செஸ்டர் மேக்னம் போதுமா?" எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான் இனம். மேக்னம் என்றால் சாதாரணத் தோட்டாவை விட மருந்தும் வேகமும் அதிகமான தோட்டா. சரி, இன்று அதைப் பார்த்துவிடுவோம்.

முதலில் சட்டம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் கதை முடிந்துவிட்டது. யாராவது பந்திப்பூர் பக்கம் போய் முயற்சி பண்ணலாமா என்று யோசித்தால், இந்த வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்விடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் அங்கே பொதுவாகத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று, அங்கே முறைப்படி வாங்கிய வேட்டை உரிமம். அதனால் உரிமம் கைக்கு வந்த பிறகுதான் கடைப் பக்கம் போக வேண்டும். டென்வர் இருக்கிற கொலராடோவில் அந்த உரிமம் வேண்டுமென்றால், 1949க்கு முன் பிறந்த தாத்தாக்களைத் தவிர மற்றவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

இப்போது மிருகத்துக்கு வருவோம். நம் ஊர்க் கடமான் தெரியுமில்லையா? நன்றாக வளர்ந்த ஆண் கடமான் எவ்வளவு பெரியதோ, எல்க் அதற்குச் சமம் அல்லது அதற்கும் மேல். ஆண் எல்க் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். தோள் எலும்பு கெட்டி, அதற்குப் பின்னால் தடித்த தசை. நுரையீரலில் சரியாக அடிபட்டால்கூட சிறிது தூரம் ஓடும். தவறான இடத்தில் பட்டால் மலைக்காட்டுக்குள் இறங்கிப் போய்விடும், அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அந்த உயிர் மணிக்கணக்கில் தவித்துச் சாகும். தோட்டா விஷயத்தில் இவ்வளவு அக்கறை எடுக்கச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

கேள்வி கேட்கிற எல்லோரும் கேலிபரைத்தான், அதாவது தோட்டாவின் அளவைத்தான் கேட்கிறார்கள். தோட்டாவின் நுனியில் இருக்கிற குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் விஷயம் அதில்தான் இருக்கிறது.

பழைய பாணிக் குண்டு என்றால் உள்ளே ஈயம், வெளியே மெல்லிய செம்புக் கலவை உறை. பட்டவுடன் முன்பக்கம் காளான் மாதிரி விரிந்து அகலமான காயம் உண்டாக்கும். சின்ன மானுக்கு இது தாராளம். ஆனால் வேகமான மேக்னத்தில் அதைப் போட்டு, கிட்டத்திலிருந்து தோள் எலும்பில் அடித்தால், உறையும் ஈயமும் தனித்தனியாகப் பிய்ந்து மேலேயே சிதறிவிடலாம். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவருக்கு இதுதான் நடந்தது. கையில் 300 ஹாலண்ட் மேக்னம். எதிரே சேறு காய்ந்து அப்பிய தோலோடு ஒரு மூஸ், எல்க்கை விடப் பெரிய மான். சுட்ட குண்டுகள் ஆழமாக இறங்காமல் உடைந்தன. மனுஷன் ஊருக்கு வந்து குண்டையே மாற்றி வடிவமைத்தார். முன்னால் ஒரு ஈயம், பின்னால் ஒரு ஈயம், நடுவில் செம்புத் தடுப்பு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த நோஸ்லர் பார்ட்டிஷன் இன்றும் கடையில் கிடைக்கிறது. கவனியுங்கள், அவர் கையில் இருந்ததே மேக்னம்தான்!

இன்றைக்கு இதே வேலையைச் செய்ய வேறு வழிகளும் உண்டு. ஈயத்தையும் உறையையும் பிரியாமல் ஒட்டிவிடுகிற பாண்டட் குண்டு ஒன்று. ஈயமே இல்லாமல் முழுக்கச் செம்பில் செய்வது இன்னொன்று. பார்ன்ஸ் கம்பெனியின் எக்ஸ் குண்டு 1989இல் இதற்கு வழி போட்டது. செம்புக் குண்டு எடையை இழக்காது, ஆழமாக இறங்கும். ஆனால் விரிய வேகம் வேண்டும். சென்று படும்போது நொடிக்கு 2000 அடிக்குக் கீழே விழுந்துவிட்டால் பல செம்புக் குண்டுகள் சரியாக விரியாமல் பென்சில் ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும் அபாயம் உண்டு. ஈயத்தை விடச் செம்பு இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் வழக்கமாக 180 கிரெயின் சுடுகிறவர் செம்புக்கு மாறும்போது 165 அல்லது 150க்கு இறங்கலாம், பயப்பட வேண்டாம். ஒரு கிராம் என்பது சுமார் பதினைந்தரை கிரெயின், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் உங்களுக்குத் தேர்வே இல்லை. 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயம் கூடாது. விட்டுப்போன குடலையும் எலும்பையும் தின்ற காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தில் செத்ததுதான் முக்கியக் காரணம். நம் ராமநகரம் பாறைகளில் மிஞ்சியிருக்கிற பிணந்தின்னிக் கழுகுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இந்தியாவில் அவற்றைக் கொன்றது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அங்கே துப்பாக்கி ஈயம். வீட்டுக்குக் கறி கொண்டுபோகிறவர்களும் யோசியுங்கள், ஈயத் துணுக்குகள் காயத்திலிருந்து நன்றாகத் தள்ளிக்கூடக் கறியில் கிடக்கும். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் நான் செம்பைத்தான் சொல்வேன்.

இப்போது கேலிபர், சுருக்கமாக. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது 6 மில்லிமீட்டர் அகலம், 85 கிரெயின் எடை, விரியும் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல். இது கீழ் எல்லை. இதை வைத்துத் திருப்திப்படாதீர்கள். 1906இல் வந்த 30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், 180 கிரெயின் குண்டை நொடிக்கு 2700 அடி வேகத்தில் அனுப்பும், ஆற்றல் 2900 அடி-பவுண்டு சொச்சம். 300 வின்செஸ்டர் மேக்னம் அதே குண்டுக்கு 2960 அடி வேகம், 3500 அடி-பவுண்டு கொடுக்கும். நல்ல வித்தியாசம்தான். ஆனால் அதே எடைத் துப்பாக்கியில் தோளில் விழுகிற உதை கால்பங்குக்கு மேல் கூடுகிறது. புதிதாகச் சுடுகிறவர் அந்த உதையை எதிர்பார்த்துக் கண்ணை மூடி, விசையை வெடுக்கென்று இழுப்பார். நம்பாவிட்டால் ரேஞ்சில் நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மி தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒரு முறையில் குழல் எப்படிக் கீழே குதிக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

அதனால் என் தேர்வு 30-06, அல்லது 308, அல்லது 270. பார்ட்டிஷன், பாண்டட், செம்பு மூன்றில் ஒன்று. 6.5 கிரீட்மோர் என்கிற தோட்டா ரகம் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல குண்டோடு 300 கஜத்துக்குள் அதுவும் வேலை செய்யும், அதற்கு மேல் நான் சிபாரிசு செய்யமாட்டேன். போட்டிக்கென்று செய்த மேட்ச் தோட்டா, ரேஞ்சில் எவ்வளவு அழகாக ஒரே இடத்தில் போய்ப் பட்டாலும் வேட்டைக்கு வேண்டாம்.

நம்ம ஊர்க்காரர் கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் துரத்தியவர், 405 வின்செஸ்டர் வைத்திருந்தாரே, அது எல்க்குக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 300 கிரெயின் கனக் குண்டு, நிதானமான வேகம். புதருக்குள் கிட்டத்தில் வருகிற சிறுத்தைக்கு அருமை. அடர்காட்டில் 100 கஜத்தில் எல்க்குக்கும் ஆகும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நிற்கிற மிருகத்துக்கு ஆகாது, குண்டு அவ்வளவு கீழே விழுந்துவிடும்.

டல்லாஸ்காரர்களுக்கு ஒன்று. தெற்கு டெக்ஸாஸில் வேட்டையாடுகிற நீல்காய் என்கிற மானினம், நம் நாட்டு நீல்காயேதான். 1930 வாக்கில் கிங் ராஞ்சில் கொண்டுபோய் விட்டவற்றின் வாரிசுகள். எல்க்கை விடச் சிறியது என்று அசட்டையாகப் போகாதீர்கள். தோல் தடிமன், ரத்தத் தடம் சரியாக விழாது. அதற்கு மட்டும் மேக்னம் கேட்டால் நான் மறுக்கமாட்டேன்.

தோட்டா முடிவானதும் அதே பிராண்ட், அதே எடை, முடிந்தால் அதே லாட் எண்ணில் (ஒரே தொகுதியாகத் தயாரித்தது) மூன்று நான்கு பெட்டி வாங்கி, அதை வைத்தே ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். 200 கஜத்தில் குறியைச் சரியாக வைத்தால், 180 கிரெயின் 30-06 குண்டு 300இல் எட்டு ஒன்பது அங்குலம் கீழே விழும். அந்த இறக்கம் எல்க்கின் நெஞ்சறைக்குள்ளேயே அடங்கும். 400இல் இரண்டடி விழும், அது அடங்காது.

அடுத்த வீடியோவுக்குக் கேள்வி எழுதுபவர்கள் துப்பாக்கிப் பெயரோடு குழல் நீளத்தையும் போடுங்கள். பெட்டியில் அச்சடித்த வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் எடுத்தது. உங்களுடையது 20 என்றால் நொடிக்கு 100 அடி வரை குறையும், செம்புக் குண்டுக்கு அந்த 100 அடி முக்கியம்.