சாம்பல் மரத்தில் கருப்புக் குண்டூசிகள்: எல்லாம் லைக்கன் அல்ல!

வணக்கம், நண்பர்களே. பழைய மரத்தில் கருப்பாக எது தென்பட்டாலும் "லைக்கன்" (பூஞ்சையும் பாசியும் ஒன்றுசேர்ந்து வாழும் உயிர்) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும் அடையாளச் செயலிகள்மீது எனக்குள்ள கோபம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் அது மறுபடியும் தலைக்கேறக் காரணம், பட்டை உரிந்த இந்த வேலிக்கம்பு.

இதன் சாம்பல் நிறத்தை லைக்கனின் உடல் என்று எண்ணிவிடாதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் மரநார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, எஞ்சிய நார்கள்தான் இப்படி வெளுத்துத் தெரிகின்றன.

அதன்மேல் குத்திட்டு நிற்கும் குண்டூசிகளைப் பாருங்கள். உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இவற்றைப் படம்பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல! தலை தெளிந்தால் காம்பு மங்கும். காம்பு தெளிந்தால் தலை மங்கும். நான் மூச்சுவிட்டால் இரண்டுமே மங்கும். கடைசியில் கேமராவைத் தொடாமல், கம்பைத் தாள் அடுக்கின்மேல் வைத்து, அடியிலிருந்து ஒவ்வொரு தாளாக உருவித் தாழ்த்தி எடுத்த படங்களை ஒன்றுசேர்த்ததுதான் இது. தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள், எனக்காக.

காலிசியம், கீனோதீக்கா போன்ற குண்டூசி லைக்கன்களின் தலையில் ஸ்போர்கள் (விதைபோல் பரவும் நுண்துகள்கள்) உலர்ந்த பொடியாகக் குவிந்திருப்பதால், தொட்டால் விரலில் ஒட்டும். இங்கே எதுவும் ஒட்டவில்லை. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: மரம் காய்ந்திருக்கும்போதே தொட்டுப் பார்த்துவிட வேண்டும், நனைத்தபின் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

அடுத்ததாகக் கம்பை நனைத்து, பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பச்சை செல்கள் தெரிந்தவுடன் லைக்கன் என்று துள்ளக் கூடாது. ஈரமரத்தில் பாசி தனியாகவும் படியும் என்பதால், பூஞ்சை இழைகள் அந்த செல்களைத் தழுவியிருக்கின்றனவா என்பதே கேள்வி. இதில் தழுவல் இல்லை, பாசியே இல்லை. ஸ்போர்கள் பழுப்பாக, குறுக்குச்சுவரின்றி ஒற்றைச் செல்லாக இருக்கின்றன. நெருங்கிய உறவான கீனோதீக்காப்சிஸில் பெரும்பாலும் நடுவே ஒரு சுவர் இருக்கும் என்பதால், இதை மைக்கோகாலிசியம் என்றே சொல்வேன். அது லைக்கனல்லாத பூஞ்சை.

கம்பின் மறுபக்கத்தில் நீளவாட்டில் பிளந்த கருப்பு மேடுகள் ஹிஸ்டீரியம் என்ற, லைக்கனல்லாத இன்னொரு பூஞ்சையாக இருக்கலாம். கிராஃபிஸ் லைக்கனும் ஏறக்குறைய இதே கோலத்தில் இருக்குமாதலால், அதையும் சீவிப் பார்த்துவிட்டு அடுத்த காணொளியில் சொல்கிறேன். உங்கள் படங்களை அனுப்பும்போது, விரலில் பொடி ஒட்டியதா என்பதையும் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத படங்களுக்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை.