இட்லிப்பூச் செடி ஏன் மஞ்சளாகிறது? குட்டை இட்லிப்பூ வளர்க்கும் முறை

[காட்சி: காம்பவுண்டு சுவரோரம் வரிசையாக இட்லிப்பூச் செடிகள். இலைகள் வெளிறியிருக்கின்றன.]

வணக்கம். நர்சரியிலிருந்து வந்தபோது இந்தச் செடிகளில் இலை கரும்பச்சையாக இருந்தது, கிளைக்குக் கிளை சிவப்புக் கொத்து இருந்தது. சில மாதங்களில் இப்படி ஆகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாக ஊற்றியிருப்பீர்கள். உரம் போதவில்லையோ என்று இன்னொரு பிடி போட்டிருப்பீர்கள். அப்படியும் தேறியிருக்காது. நம் ஊர் வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் சுண்ணாம்பு. அதைச் சரிசெய்யாமல் இந்தச் செடிக்கு வேறு எது செய்தாலும் வீண்.

[நெருங்கிய காட்சி: கிளை நுனியில் ஓர் இளம் இலை.]

இந்த இலையைக் கிட்டத்தில் பாருங்கள். நரம்புகள் பச்சையாகவே இருக்கின்றன. நரம்புக்கு நரம்பு இடையில் மட்டும் எலுமிச்சை மஞ்சள். நுனியில் புதிதாக வந்த இலைதான் இப்படி இருக்கிறது; கீழே இருக்கும் பழைய இலை இன்னும் பச்சை. இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்றால் நேர்மாறாக இருக்கும், அடியிலையில்தான் மஞ்சள் தொடங்கும். பழைய இலையில் ஊதாவும் பழுப்பும் கலந்த புள்ளிகள் வந்தால் சாம்பல்சத்தை (பொட்டாசியத்தை) கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு சேரச் சேர மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச்., ஏறும். அது 7-க்கு மேல் போகப் போக, அந்த இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்குப் பிடித்தது 5-லிருந்து 6 வரை, அதாவது லேசான புளிப்பு மண்.

இத்தனைக்கும் இது வெளியூர்ச் செடி இல்லை. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் பூர்வீகம். சங்கப் பாடல்களில் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை, கவரப் போன வீரர்கள் சூடிக்கொண்ட வெட்சி இதுதான். கேரளத்தில் தெச்சி என்பார்கள். செம்புரைக்கல் மண்ணில், மழைத் தண்ணீரில், யார் கவனிப்பும் இல்லாமல் வளர்கிறது. நர்சரியில் மினி இட்லிப்பூ என்று தரும் குட்டை ரகங்களுக்கும் அதே குணம்தான். இரண்டடிக்குள் அடங்கிவிடும், இலை சிறியது, கிளை நெருக்கமாக வரும். சின்னத் தோட்டத்துக்கும் மாடித் தொட்டிக்கும் இதைவிடப் பொருத்தமான பூச்செடி எனக்குத் தெரிந்து குறைவு.

[காட்சி: சுவரோரம் தோண்டிய குழி. மண்ணோடு சிமெண்ட் கட்டி, உடைந்த செங்கல்.]

சரி, சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? வீடு கட்டும்போது கொட்டிய கலவை, பூச்சு உதிரல், வெள்ளையடித்த தூள் எல்லாம் சுவரோர மண்ணில்தான் சேர்கிறது. நாமும் அழகுக்காகச் செடியைக் கொண்டுபோய் அங்கேயேதான் வைக்கிறோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து, அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். [நெருங்கிய காட்சி: மண்ணில் நுரை பொங்குகிறது.] இப்படிச் சளசளவென்று நுரைத்தால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்குச் சோதனையே வேண்டாம். வாளியின் உள்பக்கமும் தொட்டி விளிம்பும் வெள்ளை படிந்திருந்தால், அந்த போர் தண்ணீர்தான் நாள்தோறும் மண்ணுக்குச் சுண்ணாம்பு சேர்த்துக்கொண்டிருக்கிறது.

தரையில் வைப்பதாக இருந்தால் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, தோண்டிய மண்ணைத் திரும்பப் போடாமல் புது மண் நிரப்புங்கள். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை உரமோ தொழு உரமோ ஒரு பங்கு, அலசிய தென்னை நார்த்தூள் ஒரு பங்கு. தொட்டிக்கும் இதே கலவைதான். மண் மோசமான இடங்களில் தொட்டியையே நான் சிபாரிசு செய்வேன். 12 அங்குலத் தொட்டி ஒரு செடிக்குப் போதும், மண்ணும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். குட்டை வேலியாக வரிசை வைக்க நினைத்தால் செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள்.

தண்ணீருக்கு மழைநீரை விஞ்சியது எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டைமாடிக் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து ஒரு டிரம் பிடித்து வைத்தால், இரண்டு மூன்று தொட்டிக்குப் பல வாரம் வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் சுண்ணாம்பு கிடையாது. அதையும் பிடித்து ஊற்றலாம்.

[காட்சி: ஸ்பிரேயரில் மருந்து கரைக்கும் கை.]

ஏற்கெனவே வெளிறிய செடிக்கு என்ன செய்வது? உரக்கடையில் பெரஸ் சல்பேட் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே சில சொட்டு எலுமிச்சைச் சாறு. கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். டைல்ஸிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது, பார்த்து அடியுங்கள். இதையே சுண்ணாம்பு மண்ணில் கொட்டினால் பயன் குறைவு, சீக்கிரமே கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். வேர் வழியாகத் தர வேண்டும் என்றால் செலேட் இரும்பு, அதாவது மண்ணில் சீக்கிரம் கரையாமல் போகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, வாங்குங்கள். பாக்கெட்டில் ஈடிடிஏ (EDTA) என்று இருந்தால் அது கார மண்ணில் தாங்காது. ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று இருப்பதுதான் நமக்கு வேண்டியது. விலை கூடுதல், ஆனால் வேலை செய்யும். பலன் தெரிகிறதா என்று அடுத்து வரும் துளிரில் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் பூச்செடிக்கும் முட்டை ஓட்டுத்தூள் போடு, அடுப்புச் சாம்பல் போடு என்று சொல்வார்கள். இட்லிப்பூவுக்குத் தயவுசெய்து வேண்டாம். இரண்டுமே மண்ணை மேலும் காரமாக்கும்.

[காட்சி: கொத்து வாடிய கிளை. கத்தரிக்கோல்.]

அப்புறம் வெயிலும் கவாத்தும். ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் செடி ஒல்லியாக நீண்டுகொண்டு போகும், பூ இராது. பூங்கொத்து வருவது கிளையின் நுனியில். அதனால் மாதாமாதம் மட்டமாக வெட்டி உருண்டை பிடித்தால், வரப்போகும் மொட்டையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம். பல அலுவலக வளாகங்களில் இட்லிப்பூ வேலி வெறும் பச்சையாக நிற்பதற்கு இதுதான் காரணம், பார்க்கவே வருத்தமாக இருக்கும். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இருக்கும் இலை ஜோடிக்கு மேலே வெட்டுங்கள். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் துளிர்க்கும், இரண்டிலும் பூ வரும்.

பூச்சி அதிகம் வராது. தண்டில் எறும்பு ஏறினால் மட்டும் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறதா என்று தேடுங்கள். இலையில் கரி பூசியது போலப் படிவதும் அவை விடும் இனிப்புக் கழிவால்தான். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடித்தால் அடங்கிவிடும்.

புதுச் செடி வேண்டுமென்றால் மழைக்காலத்தில் போத்து வைக்கலாம். ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாத கிளையில் ஐந்து அங்குலம் வெட்டி, அடியிலைகளை எடுத்துவிட்டு, ஈர நார்த்தூளில் நட்டு நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். அவசரப்பட்டு இழுத்துப் பார்க்காதீர்கள். சில சமயம் அதற்குள்ளேயே நுனியில் மொட்டு வைத்துவிடும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைக் கிள்ளிவிடுங்கள், செடி அடியிலிருந்தே கிளைக்கும்.